பீட்டோடு சேராத குரல்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியவை: குரல் மட்டும் தனியாக உள்ள ஒரு பதிவைக் கணினி இசை மென்பொருளில் ஒரு பீட்டின் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசையின்) மேல் வைத்துத் தாளம் பிசகாமல் பொருத்துவது எப்படி? ஒன்றையே வேறு வேறு சொற்களில் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து, ஒரே கேள்வியாக்கிக் கொண்டேன்.

கேள்வி: இசைக்கருவிகள் இல்லாமல் குரல் மட்டும் உள்ள ஒரு பதிவை என் பீட்டின் மேல் வைக்கிறேன். முதல் இரண்டு வரிகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பல்லவி முடிவதற்குள் விலகத் தொடங்கி, கடைசிச் சரணத்தில் பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் போய்விடுகிறது. வரி வரியாக வெட்டி நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியாக இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் சரியாக இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: வெட்டுவதில் தவறில்லை, வெட்டுவதற்கு முன் விலகல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் விட்டதுதான் தவறு. பாட்டின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் குரல் தாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால், முழு டிராக்கையும் ஒரே ஒரு முறை நகர்த்தினால் வேலை முடிந்தது. விலகல் போகப் போகச் சீராகக் கூடினால், நீங்கள் கொடுத்திருக்கும் டெம்போ, அதாவது வேகத்தின் எண் தவறு. சில இடங்களில் முந்தியும் சில இடங்களில் பிந்தியும் போனால், மெட்ரோனோம் (சீராக அடி தட்டும் கருவி) இல்லாமல் பாடப்பட்ட பதிவு அது. முதல் இரண்டு வகைகளிலும் ஒரு வெட்டுகூடத் தேவையில்லை. உங்களுடையது, நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டாவது வகை.

டெம்போவை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருப்பீர்கள். அதற்கான வசதிகள் பெரும்பாலும் டிரம்ஸ் போன்ற கூர்மையான ஒலிகளைக் கொண்டே அடியை ஊகிக்கின்றன. அந்த ஒலிகள் இல்லாத தனிக்குரலில் அவை தடுமாறும். சரியான எண்ணுக்கு அருகில் வந்தாலும், தசமப் புள்ளிக்குப் பின் உள்ளதை விட்டுவிட்டு முழு எண்ணாக நீங்களே எழுதிக்கொள்வதும் உண்டு. அந்தச் சிறு பின்னம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டால் தெரியும். பல்லவியின் முதல் வரியில் அழுத்தமாக விழும் ஒரு எழுத்து 12.40 ஆவது செகண்டில் இருக்கிறது. அதே எழுத்து கடைசிப் பல்லவியில் 188.40 ஆவது செகண்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 176 செகண்ட். கையால் தாளம் போட்டு எண்ணினால் அதற்குள் நான்கு அடி கொண்ட 68 பார்கள் (தாளச் சுற்றுகள்), அதாவது 272 அடிகள். 272 ஐ 60 ஆல் பெருக்கி 176 ஆல் வகுத்தால் 92.727 வருகிறது. இதுதான் உண்மையான பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கை. இதை 93 என்று முழுமையாக்கி மென்பொருளில் எழுதினால், அந்த 272 அடிகளும் 175.48 செகண்டிலேயே முடிந்துவிடும். பீட் அரை செகண்டுக்கும் மேல் முந்தி ஓடிவிட்டது. அந்த வேகத்தில் ஓர் அடியே 0.645 செகண்ட்தான் என்பதால், முக்கால் அடிக்கும் மேல் பிசகு.

ஆகவே அளவெடுக்கும் இரு புள்ளிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பக்கத்துப் பக்கத்து வரிகளில் அளந்தால், பாடகர் ஒரு சொல்லைச் சற்று இழுத்துப் பாடியதுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். குரலை மட்டும் கேட்டு அடிகளை எண்ணுவது கடினமாக இருந்தால், இசையோடு உள்ள முழுப் பாடலையும் இன்னொரு டிராக்கில் போட்டு, தனிக்குரலை அதன் மேல் பொருத்தி, டெம்போவை முழுப் பாடலின் டிரம்ஸிலிருந்து எடுங்கள். இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து (மூலப் பதிவிலிருந்து) வந்தவையாக இருந்தால், குரல் டிராக்கின் பொலாரிட்டியை (அலையின் மேல், கீழ் திசையை) தலைகீழாக்கி அளவைச் சரிசெய்யும்போது முழுப் பாடலிலிருந்து குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்படி மறைந்தால் பொருத்தம் மிகத் துல்லியம் என்று பொருள். பிறகு முழுப் பாடலை நீக்கிவிடலாம்.

மூன்றாவது வகைக்குத்தான் வார்ப் மார்க்கர்கள், அதாவது ஒலியை ஓரிடத்தில் பிடித்து நீட்டவோ சுருக்கவோ உதவும் குறிகள், தேவை. ரீப்பரில் ஸ்ட்ரெட்ச் மார்க்கர், லாஜிக் ப்ரோவில் ஃபிளெக்ஸ் டைம், கியூபேஸில் ஆடியோ வார்ப், ப்ரோ டூல்ஸில் எலாஸ்டிக் ஆடியோ எனப் பெயர்தான் மாறுகிறது. செய்யும் வேலை ஒன்றே. முதல் அழுத்தமான எழுத்தில் ஒரு மார்க்கர், கடைசி வரியில் ஒன்று. பிறகு இரண்டுக்கும் நடுவே உள்ள வரியைக் கேட்டு, விலகியிருந்தால் அங்கே ஒன்று. அதன் பிறகு இரு பாதிகளின் நடுவிலும் தேவையானால் ஒவ்வொன்று. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் வரிக்கு ஒரு மார்க்கரோடு வேலை முடிந்துவிடும். தொடக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மார்க்கர் குத்திக்கொண்டே போகிறவர்களின் குரல் டிராக்கில், ஒரு சொல் இழுபட்டும் அடுத்த சொல் நசுங்கியும் கேட்கும். வரி வரியாக வெட்டி நகர்த்தியபோது நீங்கள் கேட்ட அந்தச் ‘சரியாக இல்லாத’ தன்மையும் இதன் உறவுதான்: வரிகள் இடம் மாறின, ஆனால் வரிக்குள் ஓடும் வேகம் இன்னும் பழையதாகவே இருந்தது.

கேள்வி: மெதுவான, உருக்கமான ஒரு பாட்டுக்கு மென்பொருள் 148 பிபிஎம் என்று காட்டுகிறது. பழுதா?

பதில்: இல்லை. அது இரட்டிப்பாக எண்ணியிருக்கிறது. பாட்டின் வேகம் 74. இந்த மயக்கம் உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். 74 இல் பாடப்பட்ட குரலை 148 இல் ஓடும் பீட்டின் மேல் எந்த நீட்டலும் இல்லாமல் அப்படியே வைக்கலாம்; குரலின் ஓர் அடிக்குப் பீட்டின் இரண்டு அடிகள். இரண்டின் வேகமும் பொருந்தவே பொருந்தாது என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒன்றைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டெம்போவைச் சரியாகக் கொடுத்து நீட்டினாலும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடுகிறது. எந்த மென்பொருளில் இந்தக் குறை இருக்காது?

பதில்: மென்பொருளை மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, எவ்வளவு நீட்டுகிறீர்கள் என்பது. சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் நீட்டும் கருவி, ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, அவற்றை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றியோ விலக்கியோ மறுபடி தைக்கிறது. வேகத்தில் 5 சதவீதம் வரையிலான மாற்றத்தை நல்ல கருவிகளில் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் நீண்ட உயிரெழுத்துகளில் நடுக்கம் கேட்கத் தொடங்கும். 20 சதவீதத்துக்கு மேல் என்றால், அதை ஒரு விசேஷ ஒலியாக வேண்டுமென்றே பயன்படுத்தினால் ஒழிய, நான் கைவிடச் சொல்வேன். 95 இல் உள்ள குரலை 140 இல் உள்ள பீட்டோடு சேர்க்க, ஏறக்குறைய 47 சதவீதம் வேகமாக்க வேண்டும்; பாதியான 70 க்கு இறக்கினாலும் 26 சதவீதம் மெதுவாக்க வேண்டும். எந்த மென்பொருளாலும் இந்த இரண்டையும் சேர்த்துவைக்க முடியாது.

இரண்டாவது, எந்த முறையில் நீட்டுகிறீர்கள் என்பது. ஏபிள்டன் லைவில் வழக்கமாக முதலில் வந்து நிற்பது ‘பீட்ஸ்’ என்ற முறை. அது டிரம்ஸுக்கானது, குரலைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். தனிக்குரலுக்கு ‘டோன்ஸ்’ முறையையோ ‘காம்ப்ளெக்ஸ் ப்ரோ’ முறையையோ தேர்ந்தெடுங்கள். பின்னதில் ஃபார்மன்ட் என்ற கட்டுப்பாடும் உண்டு. சுருதியை ஏற்றும்போது குரல் சிறு பிள்ளையின் குரலாக மாறிவிடாமல் அது காக்கும். லாஜிக் ப்ரோவில் ஒற்றைக் குரலுக்கு ‘மோனோஃபோனிக்’ முறை. ஆனால் அந்தப் பதிவில் கோரஸோ எதிரொலியோ கலந்திருந்தால் ‘பாலிஃபோனிக்’ முறையே பொருந்தும். ரீ–பிட்ச் என்னும் பழைய டேப் வழிமுறையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதில் வேகத்தோடு சுருதியும் சேர்ந்து ஏறும், ஆனால் ஒலி சிறிதும் சிதையாது. வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஒரு செமிடோன், அதாவது அரைச்சுரம் ஏறும். பீட்டின் சுருதியும் அதற்கேற்ப அமைந்துவிட்டால் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறேன்: பீட் நீங்களே செய்தது என்றால், குரலை ஏன் நீட்டுகிறீர்கள்? மிடி குறிப்புகளால் (ஒலிப்பதிவாக அல்லாமல், எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்ற கட்டளைகளால்) ஆன பீட்டை 100 இலிருந்து 92.727 க்கு இறக்குவதால் அதன் ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை. ஓர் எண்ணை மாற்றினால் போதும். மனிதக் குரலில் கைவைத்தாலோ கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பாட்டை ஒட்டித் தாளம் நடப்பதே நம் கச்சேரி வழக்கமும். பீட் வேறொருவரிடமிருந்து ஒரே ஆடியோ கோப்பாக வந்திருந்தால் மட்டுமே இந்த வரிசையை மாற்றுங்கள். அப்போதும் இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைத் தேர்ந்து, பாரத்தை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் கிரிட் கோட்டின் (திரையில் அடிகளைக் காட்டும் கோட்டின்) மேல் மில்லி செகண்ட் பிசகாமல் வைத்துவிட்டேன். பார்க்கும்போது கச்சிதமாக இருக்கிறது. கேட்கும்போது சில சொற்கள் தாமதமாக விழுகின்றன. என் காது பழுதா, கணினி பழுதா?

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்கிறது. ஒரு சொல்லின் ஒலி தொடங்கும் நொடியும், அந்தச் சொல் ‘விழுந்ததாக’ நாம் உணரும் நொடியும் ஒன்றல்ல. மார்ட்டன், மார்கஸ், ஃபிராங்கிஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1976 இல் இதைப் பற்றி எழுதி, அந்த உணரப்படும் புள்ளிக்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள். நம் வேலைக்குத் தேவையான அளவில் சொன்னால், சொல்லின் முதல் உயிரொலி தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே தாளம் விழுவதாகக் காது எடுத்துக்கொள்கிறது.

‘சின்ன’ என்ற சொல்லை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மெல்லிய, நெருக்கமான முட்கள் போன்ற ஒரு பகுதி தெரியும். அது ‘ச்’ என்னும் காற்றொலி. அதற்குப் பின், உயரமான, சீராகத் திரும்பத் திரும்ப வரும் அலைகள் தொடங்கும் இடம்தான் ‘இ’. பாடகர் காற்றொலியைச் சற்று இழுத்திருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே 100 மில்லி செகண்ட்கூட இருக்கலாம். 100 பிபிஎம் வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கு 150 மில்லி செகண்ட். அதில் மூன்றில் இரண்டு பங்கு தாமதமாக உயிரொலி விழுந்தால், சொல் பிந்திவிட்டது என்று எந்தக் காதும் சொல்லும். மென்பொருள் தானாகக் குத்தும் மார்க்கரோ, காற்றொலியின் நுனியில்தான் பெரும்பாலும் போய் நிற்கிறது. மார்க்கரை அங்கிருந்து ‘இ’ தொடங்கும் இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைக் கோட்டின் மேல் வையுங்கள். காற்றொலி கோட்டுக்கு முன்னால் தொங்கட்டும். ‘கண்’, ‘பாடு’, ‘தேன்’ போன்ற சொற்களில் இந்தத் தொல்லை அனேகமாக இல்லை. தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லினம் வெடித்த உடனேயே உயிரொலி வந்துவிடும். ‘மழை’, ‘நிலா’, ‘வானம்’ போன்றவை நடுத்தரம்: ம், ந், வ் ஆகியவற்றுக்கும் சிறிது நீளம் உண்டு என்பதால், அவற்றையும் கோட்டுக்குச் சற்று முன்னதாகத் தொடங்கவிட வேண்டும்.

இதைச் செய்த பிறகும் எல்லாச் சொற்களையும் கோட்டில் ஒட்டவைக்காதீர்கள். நல்ல பாடகர்கள் தாளத்துக்கு 20, 30 மில்லி செகண்ட் பின்னால் சாய்ந்து பாடுவதுண்டு. பாட்டின் ‘சௌக்கியம்’ என்று நாம் உணர்வது பல நேரங்களில் அதுதான். வரியின் முதல் அழுத்தமும் வரி முடியும் சொல்லும் பீட்டின் ஸ்னேர் டிரம்மோடு உடன்பட்டால் போதும். இடையில் உள்ளவை பாடகரின் சொத்து. ராப் வரிகளில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கலாம், ஏனென்றால் அங்கே எழுத்துகளே தாளவாத்தியம். சரிபார்க்கும்போது திரையை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து, ஸ்னேரையும் குரலையும் மட்டும் சேர்த்துக் கேளுங்கள். அலைவடிவம் கண்முன் இருக்கும் வரை காது அதன் பேச்சைத்தான் கேட்கும்.

கேள்வி: பாட்டு எந்த அடியில் தொடங்குகிறது என்பதே பிடிபடவில்லை. முதல் சொல்லை முதல் பாரின் முதல் அடியில் வைத்தால், பாட்டு முழுவதும் ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல் இருக்கிறது.

பதில்: எடுப்பைக் கவனிக்காமல் விட்டீர்கள். கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சம எடுப்பு, அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்ற பாகுபாடு தெரிந்திருக்கும். முதல் சொல் தாளத்தின் தொடக்கத்திலேயே விழுவது சமம், அதற்கு முன்பே தொடங்கிவிடுவது அதீதம், தாளம் தொடங்கிச் சற்றுப் பொறுத்து வருவது அனாகதம். கணினி முன் உட்கார்ந்ததும் எல்லாப் பாட்டையும் சம எடுப்பாக்கிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முதல் சொல்லை மறந்துவிட்டு, வரியில் எந்த எழுத்தில் உங்கள் கை தானாகத் தட்டுகிறதோ அந்த எழுத்தைத் தேடுங்கள். அதைத்தான் பாரின் முதல் அடியில் வைக்க வேண்டும். பிராஜெக்டின் தொடக்கத்தில் இரண்டு பார்களைக் காலியாக விட்டுவைத்தால், அதீத எடுப்பில் முன்னால் நீளும் சொற்கள் வெட்டுப்படாமல் தப்பிக்கும்.

கேள்வி: திஸ்ர நடையில் உள்ள ஒரு பாட்டை வழக்கமான நான்கடி ஹிப் ஹாப் பீட்டில் பொருத்த முடியுமா?

பதில்: எவ்வளவு நீட்டினாலும் மூன்று நான்காகாது, ஆனால் பீட்டைத் திருத்தினால் முடியும். பாட்டில் கை தட்டும் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிகிறது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 90 என்றால் பிராஜெக்டையும் 90 இல் வைத்து, கிரிட்டை டிரிப்லெட்டுக்கு (அடிக்கு மூன்று கோடுகளாக) மாற்றுங்கள். கிக் டிரம்மும் ஸ்னேரும் அடியின் மேல் மட்டுமே விழுந்தால் அவற்றைத் தொட வேண்டாம், மோதுவது ஹை–ஹாட் என்னும் ஜோடித் தட்டுதான். நான்காகப் பிரியும் அந்த ஹை–ஹாட்டை எடுத்துவிட்டு மூன்றாகப் பிரியும் ஒன்றை எழுதினால், அதே பீட் பாட்டோடு நடக்கும். இத்தகைய பாட்டுக்கு டெம்போ காட்டும் கருவிகள் ஒன்றரை மடங்கு கூட்டி 135 என்று சொல்லக்கூடும், ஏமாறாதீர்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியால் பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுத்தேன். பொருத்திய பிறகு, பின்னால் வேறொரு தாளம் மெல்லியதாகக் கேட்கிறது.

பதில்: 2019 இல் டீசர் என்ற இசை ஸ்ட்ரீமிங் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற கருவியை இலவசமாக வெளியிட்ட பிறகு இத்தகைய பிரித்தெடுப்பு எளிதாகிவிட்டது. டெமக்ஸ் போன்ற கருவிகள் தரத்தை மேலும் கூட்டின. இருந்தும், ஹை–ஹாட்டின் சிதறல்கள் குரலின் காற்றொலிகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நீட்டாமல் வைத்தால் அவை உங்கள் பீட்டின் அடியில் ஒளிந்துகொள்ளும். நீட்டினால் துருத்திக்கொண்டு வெளியே வரும். ஆகவே பிரித்தெடுத்த குரலுக்கு, மேலே சொன்ன சதவீதங்களைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளுக்கு நடுவே உள்ள மௌனங்களைச் சுத்தமாக நீக்குங்கள், ஆனால் வரிக்கு முந்தைய மூச்சொலியை விட்டுவையுங்கள். மூச்சு போனால் உயிர் போய்விடும். வெட்டும் இடங்களில் 5 முதல் 10 மில்லி செகண்ட் வரை கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மெல்ல மங்க, அடுத்தது மெல்ல எழும் இணைப்பு) கொடுத்தால் ‘டக்’ என்ற ஒலி வராது.

நீக்குவதற்கு மிகக் கடினமானது, குரலோடு பதிவாகிவிட்ட எதிரொலி. அது பழைய டெம்போவின் அடிகளில் திரும்பி வருவது என்பதால், உங்கள் பீட் வேறு வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு தாளங்கள் கேட்கும். வரி முழுவதையும் சீராக நீட்டும்போது எதிரொலியும் அதே விகிதத்தில் நீண்டு புதிய டெம்போவோடு சேர்ந்துகொள்ளும். சொல் சொல்லாக மார்க்கர் வைத்து இழுத்தால் அது சிதறிவிடும். பிரித்தெடுத்த குரலை நீங்கள் வெளியிடப் போவதாக இருந்தால், பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை வேறு என்பதையும் நினைவில் வைத்து, இரண்டுக்கும் அனுமதி பெறுங்கள்.

கேள்வி: என் பீட்டைக் கேட்டுக்கொண்டே நண்பர் தன் வீட்டில் பாடி அனுப்பினார். அவரிடம் சரியாக இருக்கிறதாம். என்னிடம் எல்லாமே சற்றுத் தாமதம்.

பதில்: நீங்கள் பீட்டை அவருக்கு எம்பி3 ஆக அனுப்பியிருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவே. எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறிதளவு வெற்றொலி சேர்ந்துவிடும். லேம் என்ற எம்பி3 மாற்றியில் மாற்றுவதற்கும் திரும்பப் பிரிப்பதற்குமாகச் சேர்த்து 1105 சாம்பிள்கள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறு அளவீடுகள்), அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லி செகண்ட். சில மென்பொருள்கள் அதை நீக்கிவிடும். சில அப்படியே விட்டுவிடும். நண்பரின் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) பஃபர், அதாவது ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் அளவு, 1024 சாம்பிள்களாக இருந்து, அந்தத் தாமதம் ஈடுசெய்யப்படாமல் பதிவாகியிருந்தால் இன்னும் ஒரு 23 மில்லி செகண்ட் கூடும். இரண்டுமே பாட்டு முழுவதும் மாறாத விலகல் என்பதால், குரலை ஒரே முறை முன்னால், அதாவது தொடக்கத்தை நோக்கி, நகர்த்தினால் தீர்ந்தது.

குரல் தாமதமாக மட்டுமின்றி வேகமாகவும் கீச்சென்றும் கேட்டால், அது சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை சாம்பிள்கள் என்ற எண்) கோளாறு. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 ஆக எண்ணி வாசித்தால் வேகம் ஏறக்குறைய 9 சதவீதமும் சுருதி ஒன்றரை செமிடோனும் ஏறிவிடும். அடுத்த முறை பீட்டை வேவ் கோப்பாக அனுப்புங்கள். பிபிஎம் எண்ணையும் சாம்பிள் ரேட்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நண்பரும் தான் பாடத் தொடங்கும் இடத்திலிருந்து வெட்டி அனுப்பாமல், பிராஜெக்டின் பூஜ்ஜியத்திலிருந்து முழு நீளமாக ஏற்றுமதி செய்து அனுப்ப வேண்டும். அப்படி வந்த கோப்பை முதல் பாரின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, மென்பொருள் தானாக வார்ப் செய்ய முன்வந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.